உலகமே பள்ளி என்போருக்கு...



சென்ற தவணையின் இறுதி வாரம். மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட வந்த தந்தை ஒருவர், கையெழுத்திட்டு முடித்த கையோடு தம் கைப்பேசியை என் மேசைமீது வைத்தார். "இதக் கொஞ்சம் பாருங்க டீச்சர்" என்றார்.

பார்த்தேன். அமெரிக்கக் குடும்பம் ஒன்று. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். பின்னால் செம்மண் பாலைவனம். முன்னால் வெள்ளை நிறத்தில் நீண்டதொரு வண்டி. அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, கழிப்பறை. மடக்கு மேசையில் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். வீட்டை விற்றுவிட்டு நான்காண்டுகளாகச் சாலையிலேயே வாழ்கிறார்களாம். "உலகம்தான் எங்கள் வகுப்பறை" என்று அந்தத் தாய் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

"நானும் வேன் ஒண்ணு வாங்கிட்டேன் டீச்சர். ரெண்டே வருசம். தாய்லாந்து, லாவோஸ், அப்படியே மேல போகலாம்னு இருக்கோம். புள்ளைங்க எல்லாத்தையும் நேர்ல பார்த்துப் படிக்கட்டும். பள்ளிக்கூடத்துல அப்படி என்னா கெடைக்கப் போவுது?"

இவர் பொறுப்பில்லாத தந்தை என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் பள்ளியில் கூட்டுப்பணி என்றால் முதலில் வந்து நிற்பவர். சிற்றுண்டிச்சாலைச் சுவருக்குத் தம் சொந்தச் செலவில் சாயம் பூசிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் என் வகுப்பறையில், என் முகத்தைப் பார்த்து, பள்ளியில் என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்! எனக்கு அன்று சட்டென்று விடை வரவில்லை. "யோசிச்சுச் செய்ங்க" என்று மழுப்பி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரமாக அந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அவருக்கும், அவரைப் போல் எண்ணும் பிற பெற்றோருக்கும் இன்று விடை சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊர்தியை அமெரிக்கர் 'ஆர்.வி.' என்பர். நான் வீட்டுந்து என்றே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் கேரவன் என்று படித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இது புதியதன்று. ஓய்வு பெற்ற முதியவர்கள் வீட்டுந்தில் நாடு சுற்றுவது பல்லாண்டு வழக்கம். 1978இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் என்னும் சங்கம், முகவரியில்லாத இத்தகையோருக்கு டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஊரில் அஞ்சல் முகவரி கொடுத்து, வரும் கடிதங்களை இருக்கும் இடத்திற்கு அனுப்பி வைக்கிறது. புதியது என்னவென்றால், பள்ளி அகவைப் பிள்ளைகளோடு முழுநேரமும் சாலையில் வாழும் இளம் குடும்பங்கள் பெருகியதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடின. அலுவலகங்கள் வீட்டுக்கு வந்தன. 2021ஆம் ஆண்டில் மட்டும் ஆறு இலட்சம் வீட்டுந்துகள் ஆலைகளிலிருந்து விற்பனைக்கு அனுப்பப்பட்டன. அதுவரை இல்லாத எண்ணிக்கை அது.

முழுநேரப் பயணிகளுக்கும் ஏதேனும் ஒரு மாநிலம் சொந்த ஊராகக் காட்டப்பட வேண்டும். பெரும்பாலோர் தெரிவு செய்வது டெக்சாஸ், புளோரிடா, தென் டகோட்டா. மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. தென் டகோட்டாவில் ஓர் இரவு தங்கியதற்கான பற்றுச்சீட்டைக் காட்டி ஓட்டுநர் உரிமம் பெறுவது நெடுங்கால வழக்கம். வரிக்காகத் தேர்ந்தெடுத்த மாநிலத்தின் சட்டமே பிள்ளையின் கல்விக்கும் சட்டமாகிவிடுகிறது. டெக்சாசில் வீட்டுக்கல்வி தனியார் பள்ளிக்கு ஒப்பானது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. பெற்றோர் யாரிடமும் பதிய வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தேர்வும் இல்லை. தென் டகோட்டாவில் வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்குத் தரப்படுத்தப்பட்ட தேர்வு ஒன்று இருந்தது. 2021இல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

இதை நன்றாக எண்ணிப் பாருங்கள். ஏட்டில் அந்தப் பிள்ளை ஒரு மாநிலத்தைச் சேர்ந்தவள். ஆனால், அம்மாநிலத்தில் அவள் கழித்தது ஓர் இரவு. அவளுக்கு வாசிக்க வருகிறதா, கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்தறிந்த அதிகாரி ஒருவர்கூட அங்கு இல்லை. காணொலியில் இது வராது!

நம் பள்ளிக்குச் சுகாதாரக் குழுவினர் வந்து பல்லையும் கண்ணையும் பார்த்துவிட்டுப் போகும் நாளில், பாடம் கெடுகிறதே என்று முணுமுணுக்கும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. ஆனால், என் பதினெட்டு ஆண்டுப் பணியில், மூக்குக்கண்ணாடி போட்ட பிறகு 'மந்தம்' என்ற பெயர் நீங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்! பெற்ற தாய்க்கே தெரியாமல் இருந்தது. அன்பில்லாமல் அன்று. நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்குச் சில குறைகள் தெரிவதில்லை. இன்னொரு கண் வேண்டும்.

அப்படியானால் அமெரிக்கப் பெற்றோர் எல்லாம் மூடரா? இல்லை. அவர்களிடம் நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கடந்தால் நான் நேர்மையற்றவள்.

அங்குள்ள தேசியப் பூங்காக்களில் 'இளம் காவலர்' என்றொரு திட்டம் உண்டு. பிள்ளை ஒரு கையேட்டைப் பூங்காவில் நடந்து, பார்த்து, கேட்டு நிரப்ப வேண்டும். பின்னர்ப் பூங்காக் காவலர் முன்னிலையில் கையுயர்த்தி உறுதிமொழி எடுத்தால் சின்னம் ஒன்று கிடைக்கும். யெல்லோஸ்டோனில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றின் முன் நின்று, அடுத்தது எப்போது எழும் என்று கணக்கிடும் பிள்ளைக்கு, சராசரி என்றால் என்ன என்று நான் கரும்பலகையில் விளக்க வேண்டியதில்லை. 2015 முதல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவர்களின் குடும்பத்திற்கும் இப்பூங்காக்களில் ஓராண்டு இலவச அனுமதி கொடுக்கும் திட்டத்தையும் அந்நாட்டரசு தொடங்கியது.

நாம் என்ன செய்தோம்? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும் வரை, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஆண்டு முழுதும் மாதிரி வினாத்தாளில் கட்டிப்போட்டோம். பள்ளிக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. அதில் இறங்கி நீரோட்டத்தை அளக்காமல், 'நீரோட்டம்' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதச் சொன்னோம். நானும் செய்தேன். ஆகவே அந்தத் தந்தையின் சலிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கல்விக்காரர்கள் போற்றும் ஜான் ஹோல்ட்டும் வகுப்பறையில் பாடம் நடத்தியவரே. பிள்ளைகள் எவ்வாறு தோற்கிறார்கள் என்பதை 1964இல் நூலாக எழுதினார். பள்ளிகளைத் திருத்த முயன்று, முடியாதென்று கண்ட பிறகே 1977இல் வீட்டுக்கல்விக்கென இதழ் தொடங்கினார். அவர் கூறிய குற்றச்சாட்டுகளில் பாதிக்கு மேல் உண்மை.

குற்றச்சாட்டு உண்மை என்பதால் மருந்தும் சரி என்றாகிவிடுமா? கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவோமா, வீட்டை விட்டு ஓடுவோமா?

தோழமை என்பது என்ன?

'எங்கள் பிள்ளைகளுக்கு ஊருக்கு ஊர் நண்பர்கள்' என்று அக்குடும்பங்கள் பெருமையாகச் சொல்கின்றன. நான் இதைத்தான் கடுமையாக மறுக்கிறேன்.

என் வகுப்பில் இரண்டு மாணவிகள். பெயர் வேண்டாம். சென்ற ஆண்டு ஓர் அழிப்பானுக்காகச் சண்டையிட்டுப் பதினொரு நாள் பேசிக்கொள்ளவில்லை. மறுநாளும் அதே வகுப்பு. அதே பெஞ்சு. அதே கூட்டு நடவடிக்கைக் குழு. எங்கும் ஓட முடியாது! பன்னிரண்டாம் நாள் ஒருத்தி தன் நாசி லெமாக்கில் பாதியை மற்றவளிடம் தள்ளினாள். இருவரும் ஒன்றும் பேசாமல் தின்றார்கள். அந்தப் பதினொரு நாளில் அவர்கள் கற்றதை எந்த நாட்டு மலையும் கடலும் கற்றுத்தர இயலாது.

சண்டை போட்டவளை மறுநாளும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் தோழமை பிறக்கிறது. வீட்டுந்துப் பிள்ளைக்கு அக்கட்டாயம் இல்லை. ஒருவனோடு மனத்தாங்கலா? வண்டி வியாழக்கிழமை கிளம்பிவிடும். ஒருவனைப் பிடித்துவிட்டதா? அப்போதும் வண்டி வியாழக்கிழமை கிளம்பிவிடும். ஆக, முன்பின் அறியாதவரிடம் விரைவாகச் சிரிக்கவும் விரைவாக மறக்கவும் அப்பிள்ளை பழகுகிறது. அதைப் 'பழகும் திறன்' என்று பெற்றோர் மகிழ்கின்றனர்.

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. என் தந்தையார் பால்மரத் தொழிலாளி. எண்பதுகளின் இறுதியில், தோட்டம் தோட்டமாக நிலம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்ட காலத்தில், வேலை தேடி எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். நான்காம் ஆண்டுக்குள் மூன்று தமிழ்ப்பள்ளிகள் மாறினேன். எங்கள் சாமான்களை ஏற்றிச்சென்ற லாரியின் பின்புறத்தில் தகரப் பெட்டிமேல் அமர்ந்து நானும் ஊர் பார்த்தேன். மழை, மலை, ஆறு எல்லாம் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால், முதல் பள்ளியில் பெரிய எண்களை வகுக்கும் பாடம் தொடங்கவில்லை. இரண்டாம் பள்ளியில் அது முடிந்துவிட்டிருந்தது. நடுவில் விழுந்த அந்தப் பள்ளம் இடைநிலைப்பள்ளி வரை என்னோடு வந்தது. வகுத்தல் கணக்கு வந்தால் பெருக்கிப் பெருக்கிப் பார்த்து விடை கண்டுபிடிப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறைகூட என்னை 'எங்க பள்ளிப் பிள்ளை' என்று யாரும் சொன்னதும் இல்லை. 'புதுசா வந்த பிள்ளை' என்பார்கள். அந்தப் பெயர் பழையதாகும் முன்பே அடுத்த லாரி வந்துவிடும்.

எங்கள் அலைச்சலை அன்று யாரும் 'சுதந்திர வாழ்க்கை' என்று போற்றவில்லை. ஏனென்றால் எங்களிடம் காசு இல்லை.

இங்கேதான் எனக்குச் சினம் வருகிறது. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டின் மெக்கின்னி-வென்ட்டோ சட்டம் என்று ஒன்று உண்டு. வேறு தக்க வீடு இல்லாமல் வண்டியிலோ முகாம் திடலிலோ வாழும் பிள்ளையை அச்சட்டம் 'வீடற்ற பிள்ளை' என்கிறது. அப்பிள்ளை பள்ளிக்கு வந்தால், பிறப்புச் சான்றிதழ், பழைய பள்ளி ஆவணங்கள் எதுவும் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய பள்ளியிலேயே தொடர விரும்பினால் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும். பயிர் அறுவடைக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் வேளாண் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென 1966 முதல் தனிக்கல்வித் திட்டமே இருக்கிறது. இடம் மாறுவது பிள்ளையின் கல்வியைக் கெடுக்கும் என்பதை ஒரு நாடே ஒப்புக்கொண்டு, சட்டம் போட்டு, பணம் ஒதுக்கிச் சரிசெய்யப் பார்க்கிறது. அதே முகாம் திடலில், பக்கத்து இடத்தில், விலை உயர்ந்த வீட்டுந்தை நிறுத்தியிருப்பவர் அந்தக் கேட்டையே கல்வி என்று சொல்லிக் காணொலி எடுக்கிறார்!

ஏழையின் பிள்ளைக்குத் தீங்கானது, வசதி உள்ளவர் பிள்ளைக்கு எப்படி வரமாகும்? பணம் இருந்தால் சில இடர்கள் குறையும். ஒத்துக்கொள்கிறேன். திரும்பிவர வீடு இருக்கும். பாட நூல் வாங்கலாம். ஆனால், வியாழக்கிழமை பிரியும் தோழி இருவருக்கும் ஒன்றுதான்.

காணொலி என்றதும் நினைவுக்கு வருகிறது. அக்குடும்பங்களில் சிலவற்றுக்கு வருமானமே காணொலிதான். பிள்ளை விழுவது, அழுவது, பல் விழுவது எல்லாம் காசு. இலினோய் மாநிலம் 2023இல் சட்டம் இயற்றி, 2024 சூலை முதல், இவ்வாறு படம் பிடிக்கப்படும் பதினாறு அகவைக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்றது. அம்மாவுக்கு ஒத்தாசையாகக் கோப்பைகளில் ஒட்டுப்பால் பொறுக்கிய பிள்ளைகள் நாங்கள். எங்களைப் பார்த்து 'ஐயோ, குழந்தைத் தொழிலாளி' என்று இரங்கியவர்கள், இந்தப் பிள்ளைகளைப் பார்த்து விருப்பக்குறி இடுகிறார்கள்.

தண்டத்தைக் காட்டி மிரட்டாதீர்

இனி, ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். இச்செய்தியை ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒருவர், "சட்டம் இருக்கு, ஐயாயிரம் வெள்ளி தண்டம், உள்ளே போட்டுருவாங்கன்னு சொல்லுங்க, அடங்கிருவாரு" என்றார்.

சட்டம் இருப்பது உண்மை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தின்படி, 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக்கல்வி கட்டாயம். தவறினால் 5,000 ரிங்கிட் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விலக்களிக்கும் உரிமை அமைச்சருக்கு உண்டு. ஆனால், அந்தச் சட்டம் வந்தது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வழியற்ற, விழிப்பற்ற குடும்பங்களை எண்ணி. எண்ணிப் பார்த்து முடிவெடுத்து, 'பள்ளியில் என்ன கிடைக்கும்' என்று கேட்பவரிடம் தண்டத்தைக் காட்டினால், 'ஒன்றும் கிடைக்காது' என்று நாமே ஒப்புக்கொண்டதாகாதா?

பிற நாடுகள் என்ன செய்கின்றன? செருமனி வீட்டுக்கல்வியை ஒப்புவதில்லை. பெற்றோர் சிலர் வழக்காடியபோது, 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் செருமனியின் நிலையை ஏற்றது. சமுதாயத்தினின்று விலகிய தனிச்சமுதாயங்கள் உருவாகாமல் காப்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இங்கிலாந்து வேறு வழி சென்றது. தொழிலுக்காக ஊர் ஊராகச் செல்லும் நிலையான வீடற்ற குடும்பத்தின் பிள்ளை, ஓராண்டில் 200 அரைநாள் வருகையாவது காட்டினால் பெற்றோர்மேல் குற்றமில்லை என்கிறது அவர்களின் சட்டம். எனக்குப் பிடித்தது ஆசுதிரேலியா. மக்கள் நடமாட்டமற்ற உள்நாட்டுப் பண்ணைகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு 1951இல் அலிசு இசுபிரிங்சில் வானொலி வழிப் பள்ளி தொடங்கினார்கள். ஆசிரியர் குரல் கேட்கும். பிள்ளை பதில் சொல்லும். பிற பிள்ளைகளின் குரலும் கேட்கும். தொலைவில் இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், ஒரு வருகைப் பதிவேடு. அந்தத் தந்தை இப்படி ஏதேனும் ஏற்பாட்டோடு வந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அவரிடம் இருந்தது ஒரு வேனும், இணையத்தில் வாங்கிய ஆங்கிலப் பாடத்திட்டமும் மட்டுமே.

ஆம், ஆங்கிலப் பாடத்திட்டம். என் உள்ளத்தில் உறுத்தும் இறுதிச் செய்தி இதுதான்.

"தமிழ நாங்க வீட்டுல பேசிக்குவோம் டீச்சர்" என்றார். பேசுவார்கள்தான். 'சாப்பிட்டியா', 'தூங்கு', 'தம்பிய அடிக்காதே'. இவையும் தமிழே. ஆனால், 'கொள்ளளவு' என்ற சொல்லை எந்தத் தாய் அடுக்களையில் சொல்கிறார்? 'ஒளிச்சேர்க்கை' என்று எந்தத் தந்தை வேன் ஓட்டும்போது பேசுகிறார்? நம் நாட்டில் ஒரு பிள்ளை, தன் உறவினர் அல்லாத ஒருவரிடமிருந்து, ஐந்து மணி நேரம், நிலவையும் நீராவியையும் பின்னத்தையும் பற்றித் தமிழில் கேட்கும் இடம் தமிழ்ப்பள்ளி ஒன்றே. அது நின்றால் தமிழ் அடுக்களை மொழியாகச் சுருங்கும். இரண்டாண்டில் சுருங்குமா என்பீர்கள். பெருந்தொற்றில் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடி, விட்டு விட்டுத் திறந்து, நாங்கள் கைப்பேசி வழியாகப் பாடம் நடத்தினோமே, அதற்குப் பின் என் முன் வந்தமர்ந்த இரண்டாம் ஆண்டு வகுப்பை நான் மறக்கவில்லை. வாய்ச்சொல் இருந்தது. எழுத்துக்கூட்ட வரவில்லை. ணகர னகரம் இருக்கட்டும், 'கா'வுக்குக் கால் எங்கே என்று தேடினார்கள்.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்று இருபதுக்குச் சற்றே மேல். எஞ்சியவற்றில் பல, 150 மாணவருக்கும் குறைந்த சிறு பள்ளிகள். எங்கள் பள்ளியும் அப்படிப்பட்டதே. அத்தகைய பள்ளியிலிருந்து மூன்று பிள்ளைகள் போவது மூன்று பிள்ளைகள் போவது மட்டுமன்று. இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கி ஓர் ஆசிரியர் பாடம் நடத்தும் கூட்டு வகுப்பை நோக்கி ஓரடி. நான் இதை அந்தத் தந்தையின் தலையில் சுமத்தவில்லை. பள்ளியைக் காப்பாற்றப் பிள்ளையைப் பணயம் வையுங்கள் என்று யாரையும் கேட்க எனக்கு உரிமை இல்லை. கணக்கு இப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை அவரை மீண்டும் அழைத்துப் பேசினேன். இங்கே எழுதியதில் பாதியைச் சொன்னேன். லாரிக் கதையையும் சொன்னேன். அதுவரை கைகட்டி நின்றவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். ஆனால், அவர் குடும்பம் ஒரே தோட்டத்தில் இருந்ததாம். ஊர் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அங்கிருந்து வந்ததாம்.

நான் ஓர் ஏற்பாடு சொன்னேன். ஆண்டிறுதி நீண்ட விடுமுறை முழுவதும் வேனில் சென்று வாருங்கள். தவணை விடுமுறைகளிலும் செல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் ஒன்றும் தர மாட்டேன். ஒரு வெற்றுக் குறிப்பேடு தருகிறேன், பார்த்ததைத் தமிழில் எழுதட்டும். பள்ளி திறந்ததும் ஒரு வாரம் அவர்களே அதை வகுப்பில் பாடமாக நடத்தட்டும். கரும்பலகைக்கு முன்னால் நான் நிற்க மாட்டேன். பிள்ளைகளோடு பிள்ளையாய்ப் பின் வரிசையில் அமர்ந்து கேட்கிறேன் என்றேன்.

"லாவோஸ் வரைக்கும் போய்வர விடுமுறை பத்தாதே டீச்சர்" என்றார்.

ஈப்போவிலிருந்து தொடங்குங்கள், சுண்ணாம்புக்கல் குகைகளையே பிள்ளைகள் இன்னும் பார்க்கவில்லையே என்றேன். வீட்டம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறார். மூன்று குறிப்பேடுகள் வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.